மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்: அறிவிப்பு வந்ததும் எழும் பேச்சில் எது சரி, எது தவறு?

2023 ஜூன் 5 அன்று, கலிஃபோர்னியாவின் கூபர்டினோவில் நடந்த டெவலப்பர் மாநாட்டில் ஆப்பிள் விஷன் புரோ என்ற, தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டை அறிவித்தது. விலை 3,499 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2.9 லட்சம் ரூபாய். விற்பனை அடுத்த ஆண்டுதான் என்றார்கள். ஆனால் கருத்துகள் அன்றைக்கே கொட்டின. கண்ணாடி வழியாக அறை தெரிகிறதே, இது நிஜ உலகத்தின் மேல் கணினிப் படத்தைச் சேர்க்கும் ஏ.ஆர். தானே என்று ஒரு பக்கம். முழுக்கக் கணினி வரைந்த உலகத்தைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட்டையே விலை ஏற்றி விற்கிறார்கள், அவ்வளவுதான் என்று மறுபக்கம். பேட்டரியை வயரில் தொங்கவிட்டதைக் கேலி செய்தவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் போட்டிருப்பவரின் கண் தெரிகிறது, ஆகவே கண்ணாடி ஊடுருவித் தெரியும் வகை என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. நான்கு நாள் முன்னதாக மெட்டா தன் குவெஸ்ட் 3-ஐ 499 டாலர் விலையில் அறிவித்திருந்தது. 2025 அக்டோபரில் சாம்சங் 1,799 டாலருக்கு கேலக்ஸி எக்ஸ்.ஆர். கொண்டுவந்தபோதும் ஏறக்குறைய இதே பேச்சுதான் திரும்பக் கேட்டது.

இந்தக் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டவரின் கண்ணுக்கு, எதிரே இருக்கும் அறை எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டால் விலை, எடை, பேட்டரி, தலைசுற்றல் எல்லாவற்றுக்கும் காரணம் வரிசையாக விளங்கும்.

கதவுத் துளையும் வீடியோ டோர்போனும்

வாசலில் யார் நிற்கிறார்கள் என்று கதவைத் திறக்காமல் பார்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கதவில் துளை போட்டுப் பொருத்திய சின்ன லென்ஸ். வெளியே நிற்பவர் மேல் பட்ட வெளிச்சம் அதன் வழியே நேராக நம் கண்ணுக்கு வரும். கரண்ட் போனாலும் தெரியும். இன்னொன்று வீடியோ டோர்போன். வெளியே கேமரா, உள்ளே திரை, நடுவில் வயர். இதில் நாம் பார்ப்பது ஆளின் படத்தை. இருட்டினால் படம் புள்ளி புள்ளியாகும், அவர் கையசைத்தால் ஒரு கணம் பிந்தித் தெரியும், கரண்ட் போனால் திரை கறுத்துவிடும்.

விஷன் புரோ, குவெஸ்ட் 3, கேலக்ஸி எக்ஸ்.ஆர். மூன்றுமே டோர்போன் வகை. முகத்தை அடைத்து மூடும் பெட்டி அது. முன்பக்கம் பளபளப்பான கண்ணாடியாக இருந்தாலும் அதன் வழியே கண்ணுக்கு வெளிச்சம் வருவதே இல்லை. வெளிப்புறக் கேமராக்கள் அறையைப் படம் பிடிக்கின்றன. அந்தப் படம் கண்ணுக்கு அருகில் உள்ள இரண்டு சிறு திரைகளில், கண்ணுக்கு ஒன்றாக, உடனுக்குடன் ஓடுகிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பாஸ்த்ரூ. ஹெட்செட் அணைந்தால் முன்னால் இருக்கும் சுவர்கூடத் தெரியாது.

கதவுத் துளை வகையும் சந்தைக்கு வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியில் அறிவித்து, 2016 மார்ச்சிலிருந்து டெவலப்பர்களுக்கு 3,000 டாலருக்குக் கொடுத்த ஹோலோலென்ஸ் அந்த வகை. அதில் கண்ணுக்கு முன்னால் இருப்பது நிஜமாகவே ஊடுருவித் தெரியும் கண்ணாடி. அந்தக் கண்ணாடித் தகடு ஓரத்தில் உள்ள சிறு ப்ரொஜெக்டரின் ஒளியைத் தனக்குள்ளேயே கடத்திக்கொண்டு போய்க் கண்ணுக்கு நேராகத் திருப்பிவிடும். இந்தத் தகட்டுக்கு வேவ்கைடு என்று பெயர்.

நேராகப் பார்ப்பதுதானே சிறந்தது, எதற்குக் கேமரா வழியாகச் சுற்றி வர வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. இரண்டு தடைகள் இருக்கின்றன. முதலாவது, பரப்பு. முதல் ஹோலோலென்ஸில் கணினி வரையும் படம் தெரியும் பகுதி மூலைக்கு மூலை ஏறக்குறைய 34 டிகிரிதான். 2019-இல் வந்த ஹோலோலென்ஸ் 2-இல் அது 52 டிகிரி. அறையை முழுசாகப் பார்க்கலாம், ஆனால் அதில் வைத்த மெய்நிகர் பொருள் நடுவே ஒரு சின்னச் சட்டத்துக்குள் மட்டும் தெரியும். தலையைத் திருப்பினால் பாதியில் வெட்டுப்படும்.

இரண்டாவது தடை இன்னும் அடிப்படையானது. வேவ்கைடு வெளிச்சத்தைக் கூட்ட மட்டுமே செய்யும், குறைக்காது. கறுப்பு என்பது வெளிச்சம் இல்லாமை. அதை ஒளியால் வரைய முடியாது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுப்புப் பூனையை நிறுத்தச் சொன்னால் பூனை கண்ணாடி போல ஆகிவிடும், பின்னால் சுவர் தெரியும். நிழலும் விழாது. வெயிலில் நின்றால் மொத்தப் படமும் வெளுத்துப்போகும். பாஸ்த்ரூவில் இந்தச் சிக்கல் இல்லை. அறையே ஒரு படம்தான் என்பதால், அதில் எந்தப் பிக்சலை வேண்டுமானாலும் கறுப்பாக்கலாம், மாற்றலாம், முழுவதையும் அழித்துவிட்டு நிலாப் பரப்பையும் போடலாம்.

வெளியிலிருந்து தெரியும் கண்ணுக்கு வருவோம். ஆப்பிள் இதை ஐசைட் என்கிறது. பெட்டியின் முன்பக்கத்தில் வெளியே பார்த்தபடி ஒரு வளைந்த ஓ.எல்.இ.டி. திரை இருக்கிறது. போட்டிருப்பவரின் முகத்தை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, உள்ளே உள்ள கேமராக்கள் காட்டும் கண்ணசைவுக்கு ஏற்ப, வரையப்பட்ட கண்களை அந்தத் திரை காட்டும். பெட்டி ஊடுருவித் தெரியாது என்பதால்தான் இப்படி ஒரு திரையே தேவைப்பட்டது. விற்பனைக்கு வந்த பிறகு பயன்படுத்தியவர்கள் பலர், அறை வெளிச்சத்தில் அது மங்கலாகவே தெரிகிறது என்றார்கள். முன் கண்ணாடி, அதற்குக் கீழே கோணத்துக்குக் கோணம் வேறு படம் காட்டும் கோடு போட்ட லென்ஸ் தாள் என்று அடுக்குகளைத் தாண்டி வெளிச்சம் வர வேண்டியிருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: இன்றைய மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவை மூடிய பெட்டிகள். அவற்றில் தெரியும் அறை நேரலை வீடியோ. அந்த வீடியோவின் மேல் கணினி தன் படத்தைச் சேர்க்கிறது.

ஏ.ஆர்., வி.ஆர்., எம்.ஆர்.: சண்டை எதற்கு?

பால் மில்கிராமும் ஃபுமியோ கிஷினோவும் 1994-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை ஒரே கோடாகப் பார்த்தது. ஒரு முனையில் முழு நிஜ உலகம். மறுமுனையில் முழுக்கக் கணினி வரைந்த உலகம், அதாவது வி.ஆர். இடையில் உள்ள எல்லாக் கலவையும் மிக்ஸ்டு ரியாலிட்டி, சுருக்கமாக எம்.ஆர். அந்தக் கலவையில் நிஜம் தூக்கலாக இருந்தால் ஏ.ஆர்.

விஷன் புரோவில் மேலே உள்ள திருகைத் திருப்பினால் அறை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து மெய்நிகர் காட்சி நிரம்பும். ஒரே கருவி, கோட்டின் பல இடங்களில் நிற்கிறது. இது வி.ஆர். ஹெட்செட்தான் என்பவர்கள் கட்டமைப்பைச் சொல்கிறார்கள், ஏ.ஆர். என்பவர்கள் பயன்பாட்டைச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் தப்பில்லை. இந்தச் சண்டையில் நேரத்தைக் கழிப்பதைவிட, பாஸ்த்ரூ எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி. கருவியின் தரம் அங்கேதான் நிற்கிறது.

12 மில்லிநொடிக்குள் என்ன நடக்கிறது?

அறிவிப்பில் ஆப்பிள் ஓர் எண்ணைச் சொன்னது: கேமரா பிடித்தது திரைக்கு வர 12 மில்லிநொடி. பலர் இதை விளம்பர எண் என்று தாண்டிப் போனார்கள். என் பார்வையில் அன்று சொன்னவற்றில் மிக முக்கியமான எண் அதுதான்.

கேமராவின் சென்சார் முதலில் வெளிச்சத்தைச் சேர்க்க வேண்டும். பிறகு சென்சாரிலிருந்து படத்தை வரி வரியாகப் படித்தெடுக்க வேண்டும். நிறம், புள்ளி இரைச்சல், லென்ஸின் வளைவு ஆகியவற்றைத் திருத்த வேண்டும். தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணக்கிட வேண்டும். மெய்நிகர் பொருளை அந்தக் கோணத்தில் வரைந்து படத்தோடு சேர்க்க வேண்டும். கடைசியில் திரை ஒளிர வேண்டும். தலை அசைந்த கணத்திலிருந்து அந்த அசைவு திரையில் தெரியும் கணம் வரையிலான மொத்த நேரத்தைத் தாமதம் என்கிறோம்.

ஒருவர் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கும் சாதாரண வேகம் நொடிக்கு 100 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் 12 மில்லிநொடி என்றால், திரையில் தெரியும் அறை நிஜ அறையிலிருந்து 1.2 டிகிரி விலகி நிற்கும். 50 மில்லிநொடி என்றால் 5 டிகிரி. கையை நீட்டிக் கட்டை விரலைப் பார்த்தால் அதன் அகலம் ஏறத்தாழ 2 டிகிரி. அதைவிட இரண்டரை மடங்கு விலகல். உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு தலை திரும்பிவிட்டது என்று மூளைக்குச் சொல்லும்போது, கண் இன்னும் திரும்பவில்லை என்று சொல்கிறது. இந்த முரண்தான் குமட்டலும் தலைசுற்றலும். வி.ஆர். துறையில் 20 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அதனால்தான் அன்று அறிவித்த விஷன் புரோவில் இரண்டு சிப். எம்2 என்பது மேக் கணினிகளில் இருந்த அதே சிப். ஆப்களையும் கிராஃபிக்ஸையும் பார்த்துக்கொள்ளும். ஆர்1 என்ற தனிச் சிப் 12 கேமரா, 5 சென்சார், 6 மைக் ஆகியவற்றிலிருந்து வருவதைக் கையாளும். ஏதாவது ஓர் ஆப் சிக்கிக்கொண்டாலும் அறையின் படம் நின்றுவிடக் கூடாது. நடந்துகொண்டிருக்கும்போது படம் உறைந்தால் ஆள் விழுந்துவிடுவார்.

பாஸ்த்ரூவுக்கு இங்கே ஒரு சாதகமும் இருக்கிறது. இதைப் பேசுவோர் குறைவு. கதவுத் துளை வகையில் நிஜ உலகம் தாமதமே இல்லாமல் வருகிறது, மெய்நிகர் பொருள் மட்டும் சில மில்லிநொடி பிந்துகிறது. அதனால் மேசை மேல் வைத்த மெய்நிகர் கோப்பை, தலையை ஆட்டும்போது மேசையை விட்டு நழுவி நீந்தும். பாஸ்த்ரூவில் மேசையும் கோப்பையும் ஒரே படத்தில் சேர்ந்து வருவதால், இரண்டும் சேர்ந்தே பிந்தும். ஒட்ட வைத்தது போல் நிற்கும். விஷன் புரோவை முதலில் போட்டுப் பார்த்தவர்கள், ஆப்கள் திறக்கும் மெய்நிகர் ஜன்னல்கள் சுவரில் ஆணி அடித்தது போல் அசையாமல் நிற்கின்றன என்று வியந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருக்கமாக: தாமதம் குறைந்தால் தலைசுற்றல் குறையும். அதைக் குறைக்கத்தான் தனிச் சிப்பும் அத்தனை கேமராக்களும். விலையின் ஒரு பகுதி அங்கே போகிறது.

கேமரா இருக்கும் இடத்தில் கண் இல்லை

பெட்டியின் முன்பக்கத்தில்தான் கேமராக்கள். கண்கள் அவற்றுக்குச் சில சென்டிமீட்டர் பின்னால். கேமரா பார்ப்பதை அப்படியே காட்டினால், கண் முன்னே தள்ளி முளைத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் உள்ள பொருள் எல்லாம் இருப்பதைவிடப் பெரிதாக, நெருங்கித் தெரியும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் விரல் தப்பும்.

இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஹெட்செட் கணக்கிட்டு, கண் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படிப் படத்தை இழுத்து வளைத்து மாற்றுகிறது. இதற்கு ரீபுரொஜெக்‌ஷன் என்று பெயர். சுவர், சோஃபா போன்ற தூரப் பொருளுக்கு இது எளிது. முகத்துக்கு 20, 30 சென்டிமீட்டர் அருகே வரும் கைக்கும் மொபைலுக்கும் கடினம். கையின் ஓரத்தில் ஆழம் சட்டென்று மாறுகிறது; கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கேமராவுக்கே தெரியாது. ஹெட்செட் ஊகித்து நிரப்புகிறது. குவெஸ்ட் 3 வெளியான புதிதில் கையைச் சுற்றி நெளிவு தெரிகிறது, மொபைல் விளிம்பு வளைகிறது என்று பலர் சொன்னது இதைத்தான். கேமராவோ திரையோ பழுதில்லை. ஆழக் கணக்கு தடுமாறுகிறது, அவ்வளவே. மெட்டா பின்னால் மென்பொருள் வழியாகவே இதைக் கணிசமாகக் குறைத்தது.

இதே ஆழக் கணக்குதான் ஒரு பொருள் இன்னொன்றை மறைப்பதையும் தீர்மானிக்கிறது. மெய்நிகர் டைனோசருக்கு முன்னால் கையை நீட்டினால் கை மேலே தெரிய வேண்டும், டைனோசர் பின்னால் போக வேண்டும். கணக்கு ஓர் அங்குலம் பிசகினால் கையின் ஓரம் பிசிறடிக்கும், விரல்களுக்கு நடுவே டைனோசரின் தோல் திட்டாகத் தெரியும்.

4கே டிவியைவிட அதிகப் பிக்சல். ஆனால்…

விஷன் புரோவின் இரண்டு திரைகளிலும் சேர்த்து 2.3 கோடி பிக்சல், ஒரு கண்ணுக்கு 4கே டிவியைவிட அதிகம் என்றது ஆப்பிள். உண்மை. தபால் தலை அளவுத் திரையில் இவ்வளவு பிக்சலை அடைப்பது லேசான வேலை இல்லை. ஒவ்வொரு பிக்சலும் 7.5 மைக்ரான். மைக்ரோ ஓ.எல்.இ.டி. எனப்படும் இந்தத் திரைகளைச் சிலிக்கான் தகட்டின் மேலேயே உருவாக்குகிறார்கள். விலை ஏறியதற்கு இந்தத் திரைகளும் ஒரு பெரிய காரணம்.

ஆனால் பிக்சலின் எண்ணிக்கை மட்டும் கூர்மையைச் சொல்லாது. அவை பார்வையில் எவ்வளவு பரப்பில் விரிகின்றன என்பதும் வேண்டும். எனவே ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல் என்று கேட்க வேண்டும். நல்ல பார்வை உள்ளவரின் கண் ஏறத்தாழ 60 வரை பிரித்துப் பார்க்கும். 65 அங்குல 4கே டிவியை 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அதன் அகலம் 40 டிகிரிக்குள் அடங்கும். டிகிரிக்குக் கிட்டத்தட்ட 100 பிக்சல். விஷன் புரோ அதே அளவு பிக்சலை ஏறக்குறைய 100 டிகிரிக்கு விரிக்கிறது. பிரித்துப் பார்த்து அளந்தவர்கள் சொன்ன எண் 34 வாக்கில். ஒரு கண்ணுக்கு 2064×2208 பிக்சல் உள்ள குவெஸ்ட் 3-இல் அது 25.

ஆகவே டிவியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்ற முதல் உற்சாகம் கூர்மை விஷயத்தில் பொருந்தாது. திரையின் பிரம்மாண்டத்தில் பொருந்தும், கூர்மையில் இல்லை. அதோடு, டிவியை வீடே சேர்ந்து பார்க்கும். இதை ஒருவர்தான் பார்க்க முடியும்.

இன்னொரு நுணுக்கம். ஹெட்செட்டில் ஓடும் சினிமா கூர்மையாகவும், சுற்றியுள்ள அறை சற்று மங்கலாகவும் தெரியும். சினிமாவின் தரத்தைத் திரை தீர்மானிக்கிறது. அறையின் தரத்தைக் கேமரா தீர்மானிக்கிறது. கேமராவின் சென்சார் மிகச் சிறியது. பகல் வெளிச்சம் வரும் கூடத்தில் தெளிவாக இருக்கும் பாஸ்த்ரூ, இரவில் ஒற்றை பல்பு எரியும் அறையில் புள்ளி புள்ளியாக நொறுங்கும். வெளிச்சம் போதாமல் சென்சார் அதிக நேரம் திறந்திருந்தால் தலையைத் திருப்பும்போது படம் இழுபடும். புள்ளி, இழுபடல் இரண்டில் ஒன்றைத்தான் குறைக்க முடியும்.

விளக்கு மினுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. இந்தியா, இலங்கை போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் மலிவான எல்.இ.டி. பல்பு நொடிக்கு 100 முறை மினுக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. நொடிக்கு 90 படம் எடுக்கும் கேமராவுக்கு அது பொருந்தாமல் போய், திரையில் வெளிச்சம் அலையடிக்கும். குவெஸ்ட் ஹெட்செட்டின் செட்டிங்ஸில் 50, 60 ஹெர்ட்ஸ் என்று தேர்வு இருப்பது இந்த மின்சார வேறுபாட்டுக்காகத்தான்.

பேட்டரி, எடை

பேட்டரியை வயரில் தொங்கவிட்டது அழகில்லைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024-இல் வந்த விஷன் புரோ 600 முதல் 650 கிராம். பேட்டரி மட்டும் 353 கிராம். இதையும் தலையில் ஏற்றினால் ஒரு கிலோவைத் தொடும். இரண்டு சிப், இரண்டு திரை, வெளித்திரை, விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பேட்டரி தாங்கியது ஏறக்குறைய 2 மணி நேரம். பேட்டரியை உள்ளேயே வைத்த குவெஸ்ட் 3 மொத்தமே 515 கிராம். ஆனால் அதில் இவ்வளவு கூர்மையான திரை இல்லை, வெளித்திரை இல்லை, கண் கண்காணிப்பும் இல்லை. பேட்டரியை வெளியே வைத்தது சரியான முடிவு என்பேன்.

எடையைப் பற்றிய குறை வேறு, அது நியாயமானது. மொத்த எடையைவிட அது எங்கே உட்காருகிறது என்பதுதான் கழுத்தைப் படுத்தும். கண்ணாடியும் அலுமினியமும் சேர்ந்த பாரம் முழுவதும் முகத்துக்கு முன்னால். கன்ன எலும்பு அழுந்தும், பின்கழுத்துத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2025 அக்டோபரில் எம்5 சிப்போடு வந்த பதிப்புக்கான பட்டையில் ஆப்பிள் டங்ஸ்டன் எடைகளைப் பின்பக்கம் வைத்தது. முன்பாரத்துக்கு ஈடாகப் பின்பாரம். முதல் நாளிலேயே எடையைக் குறை சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

பார்வையால் தேர்வு, விரலால் கிளிக்

விஷன் புரோவில் பட்டனைப் பார்த்து, மடியில் வைத்த கையில் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினால் போதும். லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் கண்ணின் மேல் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளை விழச் செய்கின்றன. உள்கேமராக்கள் அந்தப் பிரதிபலிப்பை வைத்துப் பார்வை போகும் திசையைக் கணிக்கின்றன. கண் பார்க்கும் இடத்தை மட்டும் முழுத் தெளிவோடு வரைந்து மற்றதைக் குறைத்து வரைவதற்கும் இதே தகவல் பயன்படுகிறது. இதற்கு ஃபோவியேட்டட் ரெண்டரிங் என்று பெயர். விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பகுதி 2 டிகிரி அளவே என்பதால் குறைத்து வரைந்தது தெரிவதில்லை.

கண்ணாடி போடுபவர்கள் கவனிக்க: விஷன் புரோவுக்குள் மூக்குக் கண்ணாடியோடு முகத்தை நுழைக்க இடம் இல்லை. ஸைஸ் நிறுவனத்தின் காந்த லென்ஸை உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியானபோது படிப்புக் கண்ணாடி வகை 99 டாலர், மருத்துவர் சீட்டு வகை 149 டாலர். மென்மையான காண்டாக்ட் லென்ஸ் பொதுவாகப் பிரச்சினை தராது. கடின வகை, கண் கண்காணிப்பைத் தடுமாறச் செய்யலாம்.

கண் வலிக்கிறது என்று சிலர் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. நிஜத்தில் ஒரு பொருள் அருகே வந்தால் இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், கண் லென்ஸும் அந்தத் தூரத்துக்கு ஃபோகஸ் ஆகும். ஹெட்செட்டில் முதலாவது நடக்கும், இரண்டாவது நடக்காது. ஃபோகஸ் ஒரே தூரத்தில் கட்டிவைக்கப்பட்டிருக்கும். ஹோலோலென்ஸில் அது 2 மீட்டர். மெய்நிகர் பொருளை மூக்குக்கு அருகே பிடித்து நீண்ட நேரம் பார்த்தால் கண் களைக்கும். மைக்ரோசாஃப்ட் தன் டெவலப்பர்களுக்கு 1.25 முதல் 5 மீட்டர் தூரத்துக்குள் பொருள்களை வைக்கச் சொன்னது இதனால்தான். பாஸ்த்ரூ பெட்டியிலும் இந்தக் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. நிஜ மொபைலைக் கையில் பிடித்துப் படித்தாலும் கண் ஃபோகஸ் செய்வது திரையைத்தான்.

யார் சொன்னது, எவ்வளவு நேரம் பார்த்துச் சொன்னது?

2023 ஜூனில் விஷன் புரோவைப் போட்டுப் பார்த்தவர்கள் அழைக்கப்பட்ட பத்திரிகையாளர்களும் சிலரும்தான். ஆளுக்கு ஏறக்குறைய அரைமணி நேரம், நிறுவனத்தின் ஆட்கள் பக்கத்தில் இருந்து வழிகாட்ட, ஏற்பாடு செய்த அறையில், தேர்ந்தெடுத்த காட்சிகள். அப்படிப் பார்த்தவர்கள் படத்தின் தெளிவு, கண்ணால் தேர்வு செய்யும் துல்லியம் இரண்டையும் புகழ்ந்தார்கள். அரைமணியில் இவை தெரிந்துவிடும், நம்பலாம். கழுத்து வலி, இரவு வெளிச்சம், ஆப்களின் எண்ணிக்கை, மூன்றாவது வாரத்திலும் எடுத்து மாட்டத் தோன்றுமா என்பதெல்லாம் அரைமணியில் தெரியாது. அவற்றைப் பற்றிய உறுதியான தீர்ப்புக்கு 2024 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவில் விற்பனை தொடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

மற்ற எல்லாரும் பார்த்தது வீடியோவை. ஹெட்செட்டுக்குள் பதிவு செய்த காட்சி மொபைல் திரையில் ஓரம் வரை நிரம்பித் தெரியும். உள்ளே பார்க்கும்போது நான்கு பக்கமும் கறுப்பு விளிம்பு உண்டு. ஆழ உணர்வு வீடியோவில் வராது, தாமதமும் தெரியாது. ஆகவே வீடியோ பார்த்து அற்புதம் என்பதும், வீடியோ பார்த்து இதில் ஒன்றும் இல்லை என்பதும் ஒரே அளவுக்குப் பலவீனமான தீர்ப்புகள்.

டெமோ கிடைத்தால் சோதிக்க வேண்டியவை

முதலில் பொருத்தம். பட்டையை இறுக்கும் முன் பெட்டியை மேலும் கீழும் மெல்ல நகர்த்தி, எழுத்து எங்கே கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். இரண்டு கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தை ஐ.பி.டி. என்பார்கள், பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர் வாக்கில். விஷன் புரோ அதைத் தானே அளந்து லென்ஸை நகர்த்தும். குவெஸ்ட் 3-இல் கீழே உள்ள சக்கரத்தைக் கையால் திருக வேண்டும். இது சரியில்லாமல் பார்த்துவிட்டு, மங்கல் என்று சொல்பவர்கள் ஏராளம்.

பிறகு தலையை இடமும் வலமும் கொஞ்சம் வேகமாகத் திருப்பி, மெய்நிகர் ஜன்னலின் ஓரம் சுவரோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் மொபைலை எடுத்து ஒரு குறுஞ்செய்தியைப் படியுங்கள். எழுத்து படிக்க வருகிறதா, விளிம்பு நெளிகிறதா? கையை முகத்துக்கு ஒரு சாண் அருகே கொண்டுவந்து விரல்களை விரியுங்கள். மேசையில் உள்ள பேனாவை ஒரே முயற்சியில் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் விட்டால் வெளிச்சம் குறைந்த மூலைக்குத் திரும்பி நின்று, படம் எவ்வளவு நொறுங்குகிறது என்றும் கவனியுங்கள்.

கடைசியாக, பத்து நிமிடமாவது தொடர்ந்து போட்டிருங்கள். எடை முகத்தில் எங்கே அழுந்துகிறது என்பது ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும். வியர்த்தாலோ, கொட்டாவியும் உமிழ்நீரும் கூடினாலோ அது குமட்டலின் தொடக்கம். பொறுத்துப் பார்க்கலாம் என்று தொடராமல் உடனே கழற்றிவிடுங்கள். கழற்றிய பின் தலை தெளியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அதன் பிறகு வண்டியை எடுங்கள்.